ரிமோட் ஒலிக்கிறது, கதவு பூட்டவில்லை: தனியாகப் பொருத்திய சென்ட்ரல் லாக், அலாரம் இணைப்பில் கோளாறு நீக்கும் வழிமுறை

மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்ட்டோ போன்ற வண்டிகளின் அடிப்படை ரகங்கள் சென்ட்ரல் லாக் (எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் பூட்டும் அமைப்பு) இல்லாமலேயே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் அக்சஸரீஸ் கடையில் நான்கு மோட்டார்கள் கொண்ட ஒரு சென்ட்ரல் லாக் கிட்டையும் தனியாக ஒரு ரிமோட் அலாரத்தையும் வாங்கி, இரண்டையும் இணைத்துக்கொண்டார்கள். மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும், அப்படி இணைத்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மழைக்காலம் தொடங்கியதும் அவற்றில் பல ஒரே வகைக் கோளாறோடு பட்டறைக்கு வருகின்றன. அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: பழுது பெரும்பாலும் மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சென்ட்ரல் லாக் பெட்டியில் (கீழே வெறுமனே 'பெட்டி' என்றால் அதுதான்) இருப்பதில்லை, கதவுக்கும் அது மாட்டப்பட்டிருக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள வயரிலோ, எர்த் ஸ்க்ரூவிலோ (மைனஸ் வயரை வண்டியின் பாடியோடு இணைக்கும் ஸ்க்ரூ), கதவுக்குள் இருக்கும் ஒரு சிறு கிளாம்ப்பிலோதான் இருக்கிறது. எனவே புதுப் பெட்டி வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு கீழுள்ள வரிசைப்படி பாருங்கள்.

## கை வைக்கும் முன்

ஒரு கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சோதனையின் நடுவே கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்வதும், சாவி உள்ளே மாட்டிக்கொள்வதும் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும்.

மல்டிமீட்டர் ஒன்றும், இரண்டு வயர் முனைகளோடு இணைத்த 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றும் போதும். பல்பு ஏன் வேண்டும் என்றால், பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது ஏறக்குறைய அரை நொடி முதல் ஒரு நொடி வரைதான். அந்த நேரத்திற்குள் பல டிஜிட்டல் மீட்டர்கள் சரியான எண்ணைக் காட்டி நிலைகொள்வதில்லை, ஆனால் பல்பு பளிச்சென்று ஒருமுறை மின்னிவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் நிறக் கப்ளரையோ (வயர்களைச் சேர்க்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட வயரையோ பல்பாலும் மீட்டராலும் தொடக்கூடாது. எந்த வயரையும் வெட்டுவதற்கோ சேர்ப்பதற்கோ முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும்.

வயர்களின் வேலையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவு மோட்டாரில் ஐந்து வயர்கள் வரும், மற்றக் கதவுகளில் இரண்டிரண்டு. பெரும்பாலான கிட்களில் நீலமும் பச்சையும் மோட்டாரை ஓட்டுபவை. வெள்ளை, பழுப்பு, கறுப்பு ஆகிய மூன்றும் ஓட்டுநர் மோட்டாருக்குள் இருக்கும் சுவிட்சுக்கு உரியவை, அவற்றில் கறுப்பு எர்த். அலாரத்திலிருந்து பூட்டு, திறப்புக் கட்டளைகளைக் கொண்டுவரும் ட்ரிகர் வயர்கள் இந்த வெள்ளை, பழுப்பு வயர்களோடுதான் சேர்க்கப்பட்டிருக்கும். நிறம் கிட்டுக்குக் கிட் மாறுவதால், கிட்டோடு வந்த தாளைப் பார்த்தோ மீட்டரால் அளந்தோ உறுதிசெய்துகொண்ட பிறகே தொடருங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு சோதனை

அலாரத்தை மறந்துவிட்டு, ஓட்டுநர் கதவின் உட்புறப் பூட்டுக் குமிழைக் கையால் அமுக்குங்கள், பிறகு தூக்குங்கள். இரு தடவையும் மற்றக் கதவுகள் கூடவே பூட்டித் திறந்தால் சென்ட்ரல் லாக் நலமாக இருக்கிறது. கோளாறு அலாரத்திலோ இரண்டையும் இணைக்கும் ட்ரிகர் வயர்களிலோதான் இருக்கிறது. மற்றக் கதவுகள் அசையவே இல்லை என்றால் அலாரத்தைத் தொடாதீர்கள். சென்ட்ரல் லாக் பக்கம் பாருங்கள். ஒரு கதவு மட்டும் அசையவில்லை என்றால் அந்தக் கதவைத் தவிர வேறெதையும் திறக்கத் தேவையில்லை. பத்து நொடிகளில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் டாஷ்போர்டைக் கழற்றியவர்கள் அரை நாளை வீணாக்கியிருக்கிறார்கள்.

## அறிகுறி 1: ரிமோட்டை அழுத்தினால் ஒலி வருகிறது, இண்டிகேட்டர் மின்னுகிறது, எந்தக் கதவும் அசையவில்லை

### குமிழை அமுக்கினாலும் மற்றக் கதவுகள் அசையவில்லை எனில்

முதலில் சென்ட்ரல் லாக்குக்கு உரிய ஃபியூஸைப் பாருங்கள். அது வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் இருக்காது. பெட்டிக்குச் செல்லும் சிவப்பு வயரின் நடுவே ஒரு சிறு கூட்டுக்குள், டாஷ்போர்டுக்கு அடியிலோ பேட்டரி அருகிலோ தொங்கிக்கொண்டிருக்கும். ஃபியூஸ் எரியாமல் இருந்தாலும் கூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் தகடுகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகியோ தகடு கறுத்தோ இருந்தால் கூட்டையே மாற்ற வேண்டும்.

ஃபியூஸ் சரி என்றால் அடுத்தது எர்த். சென்ட்ரல் லாக் பெட்டியின் கறுப்பு வயர் எந்த ஸ்க்ரூவில் கட்டப்பட்டிருக்கிறது என்று விரலால் தொடர்ந்து சென்று கண்டுபிடியுங்கள். ஒரு வண்டியில் இரண்டு முறை பெட்டி மாற்றியும் பூட்டு சில நாள் வேலை செய்து சில நாள் நின்றுபோயிருந்தது. உரிமையாளர் இரண்டு பெட்டிகளையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இரண்டுமே நல்ல பெட்டிகள். கறுப்பு வயரை டாஷ்போர்டு தாங்கியின் பெயின்ட்டுக்கு மேல், பாதி கழன்ற ஒரு ஸ்க்ரூவில் சுற்றியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டி, வயருக்கு வளைய முனை போட்டு, பாடியில் நேரடியாக இறுக்கியதும் கோளாறு தீர்ந்தது. எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையைப் பெட்டியின் கறுப்பு வயரிலும் வைத்து, வேறொருவரைக் குமிழை மாறி மாறித் தட்டச் சொல்லுங்கள். எண் அரை வோல்ட்டுக்கு மேல் துள்ளினால் எர்த் சரியில்லை.

மின்சாரமும் எர்த்தும் நன்றாக இருந்தால், பெட்டியில் சேரும் வெள்ளை வயரை ஒரு கணம் எர்த்தில் தொடுங்கள். பிறகு பழுப்பு வயரைத் தொடுங்கள். ஒன்றுக்குக் கதவுகள் பூட்ட வேண்டும், மற்றதற்குத் திறக்க வேண்டும். அவ்வாறு நடந்தால் பெட்டி நல்லது. ஓட்டுநர் கதவின் சுவிட்சோ, அதிலிருந்து வரும் வயரோதான் பழுது, வயருக்கு அறிகுறி 2ஐயும் சுவிட்சுக்கு அறிகுறி 4ஐயும் பாருங்கள். இரண்டுக்குமே அசைவில்லை, பெட்டிக்குள் டிக் என்ற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சத்தமும் இல்லை என்றால் அப்போதுதான் பெட்டியை மாற்ற வேண்டும். ரிலே சத்தம் மட்டும் கேட்டு மோட்டார்கள் அசையவில்லை என்றால், நீல, பச்சை வயர்களுக்குக் குறுக்கே பல்பைப் பிடித்து மீண்டும் தொட்டுப் பாருங்கள். மின்னவில்லை என்றால் ரிலேயின் உள்முனைகள் கருகியிருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை: பெட்டியோடு இணைந்திருக்கும் நீல, பச்சை வயர்களை எக்காரணத்தாலும் பேட்டரி பிளஸ்ஸில் தொடாதீர்கள். ஓய்வு நிலையில் அவை இரண்டும் பெட்டிக்குள் எர்த்தோடு இணைந்தே இருப்பதால் அது நேரடி ஷார்ட் ஆகிவிடும். மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் அதன் கப்ளரைப் பெட்டி பக்கத்திலிருந்து பிரித்த பிறகே செய்யுங்கள்.

### குமிழை அமுக்கினால் எல்லாக் கதவுகளும் அசைகின்றன எனில்

அலாரம் பெட்டியிலிருந்து வரும் பூட்டுக் கப்ளர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பெடல்களுக்கு மேலே கட்டப்பட்ட பெட்டிகளில் கால் பட்டே அது இழுபட்டுவிடும். அடுத்து, ட்ரிகர் வயர்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் சித்திரை வெயிலுக்குப் பசை இளகி, டேப் தானாகவே கழன்று வந்துவிடுகிறது. வயர்களைச் சோல்டர் செய்து, சுருங்கும் உறை போட்டு மூடுவது ஒன்றே இதற்கு நிலையான தீர்வு.

இணைப்பு நன்றாக இருந்தால், பல அலாரங்களின் பூட்டுக் கப்ளரில் ஆறு வயர்கள் இருப்பதைக் காண்பீர்கள். அவை இரண்டு ரிலேக்களின் மும்மூன்று முனைகள். பெட்டியை எர்த் கொடுத்து இயக்க வேண்டுமானால் ஒவ்வொரு ரிலேயிலும் பொது முனை ட்ரிகர் வயருக்கும், ரிலே இழுக்கும்போது சேரும் முனை எர்த்துக்கும் செல்ல வேண்டும், மூன்றாவது முனை இன்சுலேஷன் போட்டு ஒதுக்கப்பட வேண்டும். எர்த்துக்குச் செல்ல வேண்டியதை யாராவது பிளஸ்ஸில் கட்டியிருந்தால் பெட்டி அசையாது. சில பெட்டிகள் அதனாலேயே கெட்டும் போகும். இதைச் சோதிக்க, ட்ரிகர் வயரைப் பெட்டியிலிருந்து பிரித்து, பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை அந்த வயரிலும் வைத்து ரிமோட்டை அழுத்துங்கள். ரிலே வழியே எர்த் வந்தால் பல்பு மின்னும். ரிலே இல்லாமல் நேரடியாக ட்ரிகர் மட்டும் தரும் அலாரமாக இருந்தால் பல்பைத் தவிர்த்து மீட்டரால் பாருங்கள், ஏனென்றால் அந்த வயர் அரை ஆம்பியருக்கும் குறைவான சுமைக்கே செய்யப்பட்டது. அதே காரணத்தால்தான் அந்த வயரை மோட்டாரோடு நேரடியாக இணைத்தால் அலாரம் எரிந்துபோகிறது.

## அறிகுறி 2: ஒரு கதவு மட்டும் பூட்டுவதில்லை, அல்லது சில நேரம் மட்டும் பூட்டுகிறது

### அந்தக் கதவில் மோட்டார் சத்தமே இல்லை எனில்

கதவைப் பாதி திறந்து வைத்து, ரிமோட்டை அழுத்திக்கொண்டே கதவை மெதுவாக ஆட்டுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் மோட்டார் அசைந்தால் பழுது எங்கே என்பது தெரிந்துவிட்டது: கதவுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில்.

அந்தக் குழாயை இரு புறமும் கழற்றி ஒதுக்கி, வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளித்தோற்றத்தை நம்பாதீர்கள், தோல் முழுமையாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருக்கும். ஒவ்வொரு வயரையும் இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். செம்பு அறுந்த வயர் அந்த இடத்தில் ரப்பர்போல் நீண்டு மெலியும். அங்கே தோலை உரித்தால் செம்பு இழைகள் பச்சையும் கறுப்புமாகப் பூத்து, தொட்டதும் உதிரும். அறுந்த இடத்தில் அப்படியே முடிச்சுப் போடாதீர்கள், கதவைத் திறந்து மூடும்போது அதே மடிப்பில் மீண்டும் அறும். பழுதான பகுதியை இரு புறமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டி எறிந்து, இழை நிறைந்த மெல்லிய புது வயரைச் சற்று தளர்வாக விட்டு, இணைப்புகள் குழாய்க்கு வெளியே, கதவுக்குள்ளும் தூணுக்குள்ளும் அமையும்படி சோல்டர் செய்யுங்கள். பல வண்டிகளில் கிட் பொருத்தியவர் ரப்பர் குழாயே இல்லாமல், தகட்டில் துளையிட்டு வயரை நுழைத்திருப்பார். தகட்டின் விளிம்பு வயரை அறுப்பதோடு மழைநீரும் அதே வழியாக உள்ளே வரும். அங்கு ஒரு ரப்பர் வளையமாவது போட்டே தீர வேண்டும்.

வயர் நன்றாக இருந்தால் டோர் பேடைக் (கதவின் உட்புற மூடியைக்) கழற்றி, மோட்டாரின் கப்ளரைப் பிரித்து, பெட்டி பக்கத்து முனையில் பல்பைப் பிடித்து ரிமோட்டை அழுத்துங்கள். பல்பு மின்னுகிறது, மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. ஒரு மோட்டாரை மட்டும் தனியாக வாங்கலாம். முழு கிட்டையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

### மோட்டார் சத்தம் கேட்கிறது, குமிழ் அசையவில்லை எனில்

இது மின்கோளாறு அன்று. மோட்டாரின் கம்பியையும் வண்டியின் பூட்டுக் கம்பியையும் இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் கொண்ட ஒரு கிளாம்ப் இணைக்கிறது. அது தளர்ந்து வழுக்கிக்கொண்டிருக்கும். பூட்டுக் கம்பியில் ஒரு விரற்கடை நீளத்துக்குப் பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதை இறுக்கும்போது குமிழைப் பூட்டிய நிலைக்குக் கொண்டுசென்று, மோட்டாரின் கம்பியையும் பூட்டும் திசையின் எல்லைவரை தள்ளி வைத்து, அந்த நிலையில் இறுக்க வேண்டும். மோட்டாரின் அசைவு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர்தான் என்பதால் நடுவில் எங்காவது பிடித்து இறுக்கினால் பூட்டு ஒரு பக்கம் முழுமையாகவும் மறுபக்கம் பாதியாகவும் நகரும். இறுக்கிய பின் கண்ணாடியை முழுவதும் ஏற்றி இறக்கி, மோட்டாரிலோ கம்பியிலோ அது உரசவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே டோர் பேடை மாட்டுங்கள்; பேடுக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாளையும் திரும்ப ஒட்டுங்கள், அது இல்லாவிட்டால் அடுத்த மழையில் மோட்டார் நனையும்.

## அறிகுறி 3: எல்லாக் கதவுகளும் சோர்ந்து, அரைகுறையாகப் பூட்டுகின்றன

இஞ்சினை ஓட்டிக்கொண்டே குமிழைத் தட்டிப் பாருங்கள். அப்போது நன்றாகப் பூட்டினால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். இரவு நிறுத்தி வைத்த வண்டியில் காலையில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) வேலையைத் தனியாகக் கவனியுங்கள்.

இஞ்சின் ஓடினாலும் சோர்வாகவே இருந்தால் மின்சாரம் வழியில் எங்கோ தேய்கிறது. ஒவ்வொரு மோட்டாரும் இயங்கும் கணத்தில் 3 முதல் 5 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கும் சேர்ந்து 12 முதல் 20 ஆம்பியர் வரை ஆகும் என்பதால், ரேடியோ வயரிலிருந்தோ சிகரெட் லைட்டர் வயரிலிருந்தோ பெட்டிக்கு மின்சாரம் எடுத்திருந்தால் அது தாங்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனியாக ஒரு தடித்த வயர் இழுத்துவிடுங்கள். எர்த்தையும் மேலே சொன்னபடி சோதியுங்கள்.

இரண்டும் சரியென்றால் பூட்டின் இயந்திரப் பகுதி வறண்டிருக்கும். மோட்டாரைப் பிரித்துவிட்டுக் குமிழைக் கையால் தூக்கிப் பாருங்கள். விரலுக்கே கனமாக இருந்தால் மோட்டாரும் திணறத்தான் செய்யும். பூட்டுக்கு கிரீஸ் போடுங்கள்.

## அறிகுறி 4: பூட்டிய உடனே திறந்துகொள்கிறது

இந்த அறிகுறியில்தான் தேவையில்லாமல் மாற்றப்படும் பெட்டிகள் மிகுதி. நடப்பது இதுதான்: பெட்டி எல்லா மோட்டார்களையும் பூட்டச் சொல்கிறது, ஓட்டுநர் கதவு மட்டும் முழுமையாகப் பூட்டாமல் பாதியில் நின்று திரும்புகிறது, அதன் உள்ளிருக்கும் சுவிட்ச் திறந்த நிலைக்கு மாறுகிறது, பெட்டி அதைத் திறக்கும் கட்டளையாக எடுத்துக்கொண்டு எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுகிறது.

உறுதிசெய்ய, ஓட்டுநர் கதவிலிருந்து வரும் வெள்ளை, பழுப்பு வயர்களை மட்டும் பிரித்துவிடுங்கள். அலாரத்தின் ட்ரிகர் வயர்கள் பெட்டியோடு இணைந்தே இருக்கட்டும். இப்போது ரிமோட்டால் பூட்டினால் பூட்டியபடியே நிற்கிறதா?

### நிற்கிறது எனில்

ஓட்டுநர் கதவின் கிளாம்ப்பைத் தளர்த்தி, அறிகுறி 2இல் சொன்னபடி எல்லையில் வைத்து இறுக்குங்கள். பூட்டு வறண்டிருந்தால் கிரீஸ் போடுங்கள். இவை இரண்டும் பயன் தராவிட்டால் உள் சுவிட்ச் கெட்டிருக்கிறது. கறுப்பு வயருக்கும் வெள்ளை, பழுப்பு வயர்களுக்கும் இடையே மீட்டரில் தொடர்பு பாருங்கள். குமிழ் ஒரு பக்கம் இருக்கும்போது ஒன்றும், மறுபக்கம் இருக்கும்போது மற்றொன்றும் தொடர்பு காட்ட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் காட்டினாலோ, எப்போதுமே ஒன்று காட்டாவிட்டாலோ அந்த ஐந்து வயர் மோட்டாரை மாற்றுங்கள்.

### அப்போதும் திறந்துகொள்கிறது எனில்

அலாரத்தின் இரண்டு ட்ரிகர் வயர்களையும் பிரித்துவிட்டு, பெட்டியில் சேரும் வெள்ளை, பழுப்பு வயர்களைக் கையால் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். கையால் தொடும்போது கதவுகள் பூட்டியபடியே நின்றால் அலாரமே இரண்டாவது கட்டளையை அனுப்புகிறது. ஏதோ ஒரு கதவு திறந்திருப்பதாக நினைத்து அப்படிச் செய்யும் அலாரங்கள் உண்டு. எனவே அறிகுறி 7இல் உள்ள டோர் சுவிட்ச் (கதவு திறந்திருப்பதைத் தெரிவிக்கும் சுவிட்ச்) சோதனையைச் செய்யுங்கள்.

### திறந்து அரை நிமிடம் கழித்துத் தானே பூட்டிக்கொள்கிறது எனில்

இது கோளாறு அன்று. ரிமோட்டால் திறந்துவிட்டு எந்தக் கதவையும் திறக்காமல் இருந்தால், பல அலாரங்கள் ஏறக்குறைய 30 நொடிகளில் மீண்டும் பூட்டிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் கதவைத் திறந்து மூடிய பிறகும் அப்படிப் பூட்டினால், டோர் சுவிட்ச் வயர் அலாரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். சாவியையும் குழந்தையையும் உள்ளே விட்டுப் பொருள் எடுக்க இறங்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

## அறிகுறி 5: ஒரு கதவு மற்றவற்றுக்கு எதிராக இயங்குகிறது, அல்லது அனைத்துமே தலைகீழாக இயங்குகின்றன

ஒரு கதவு மட்டும் எதிராக இயங்கினால் அக்கதவின் நீலத்தையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள். ரிமோட்டுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்து, குமிழுக்குச் சரியாக நடந்தால் அலாரத்தின் இரண்டு ட்ரிகர் வயர்களை இடம் மாற்றுங்கள். குமிழை அமுக்கினால் மற்றக் கதவுகள் திறக்கின்றன என்றால் ஓட்டுநர் மோட்டாரின் வெள்ளையையும் பழுப்பையும் மாற்ற வேண்டும்.

## அறிகுறி 6: ஃபியூஸ் எரிகிறது

ஃபியூஸைப் பெரிதாக்கிப் போடாதீர்கள். 15 ஆம்பியர் எரிகிறதென்று 30 ஆம்பியர் போட்டால் அடுத்து எரியப்போவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் வயர்தான்.

நான்கு கதவுகளின் மோட்டார் கப்ளர்களையும் பெட்டி அருகே பிரித்துவிட்டுப் புது ஃபியூஸ் போடுங்கள். உடனே எரிந்தால் சிவப்பு வயரே எங்கோ பாடியில் ஷார்ட் ஆகிறது, அல்லது பெட்டி கெட்டிருக்கிறது. எரியவில்லை என்றால் கதவுகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு முறையும் பூட்டித் திறந்து பாருங்கள். எந்தக் கதவைச் சேர்த்ததும் எரிகிறதோ அதன் ரப்பர் குழாயில் நீல அல்லது பச்சை வயரின் தோல் உரிந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். கருகிய வாடை ஒருமுறை வந்திருந்தாலும் இந்த வேலையை நீங்களே செய்யாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஏனென்றால் உருகிய ஒரு வயர் பக்கத்து வயர்களின் தோலையும் உருக்கியிருக்கும், டாஷ்போர்டை இறக்காமல் அதைப் பார்க்க முடியாது.

## அறிகுறி 7: பூட்டிய பின் காரணமின்றிச் சைரன் அடிக்கிறது

காற்று, பட்டாசு, பக்கத்தில் செல்லும் லாரி ஆகியவற்றுக்கு மட்டும் அடித்தால் அதிர்வை உணரும் ஷாக் சென்சாரின் சிறு திருகை ஓரிரு கோடு குறைத்துப் பாருங்கள். திருகு எந்தப் பக்கம் குறைக்கும் என்பதை மேலுள்ள குறியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் அசையாமல் அடித்தால் டோர் சுவிட்சுகளைப் பார்க்க வேண்டும். இவ்வகை வண்டிகளில் கதவைத் திறந்ததும் தூணில் உள்ள சுவிட்ச் எர்த்தைத் தொடுத்து ரூம் லைட்டை எரியவைக்கிறது, அலாரமும் அதே வயரிலிருந்துதான் செய்தி பெறுகிறது. ரூம் லைட்டைக் கதவு நிலையில் வைத்து, எல்லாக் கதவுகளையும் மூடி, விளக்கு மங்கலாகவாவது எரிகிறதா என்று இரவில் பாருங்கள். எரிந்தால் ஏதோ ஒரு சுவிட்ச் நீரேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஒவ்வொன்றாகக் கழற்றி, விளக்கு அணைவதைக் கொண்டு கண்டுபிடித்து மாற்றுங்கள். பானட் சுவிட்ச் மழையிலும் இஞ்சின் வெப்பத்திலும் இருப்பதால் முதலில் துருப்பிடிப்பது அதுதான். அதன் வயரை ஓர் இரவு பிரித்து வைத்தால் தெரிந்துவிடும்.

## அறிகுறி 8: இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

எல்லாக் கதவுகளையும் மூடி, அலாரத்தைப் பூட்டி, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து வையுங்கள். மீட்டரை இணைத்திருக்கும்போது ஸ்டார்ட்டரையும் ரிமோட்டையும் தொடக்கூடாது. பூட்டு மோட்டார்கள் ஒரே வீச்சில் மீட்டரின் ஃபியூஸை எரித்துவிடும். இணைத்ததும் சைரன் அடித்தால் அது ஓயும்வரை காத்திருந்து, பிறகும் கால் மணி நேரம் கழித்து எண்ணைப் பாருங்கள். 50 மில்லியாம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 300 மில்லியாம்பியர் என்றால் சிறு கார்களில் உள்ள 35 ஆம்பியர் மணிப் பேட்டரி ஐந்தே நாளில் வெறுமையாகும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது அதற்கும் முன்பே நடக்கும்.

அளவு அதிகமாக இருந்தால் முதலில் அலாரத்தின் ஃபியூஸையும், பிறகு சென்ட்ரல் லாக்கின் ஃபியூஸையும் எடுத்துப் பாருங்கள். அலாரத்தை எடுத்ததும் இறங்கினால், சைரனுக்கோ இண்டிகேட்டருக்கோ மின்சாரம் கசிகிறது, அல்லது அலாரம் பெட்டியே பழுது. சென்ட்ரல் லாக்கை எடுத்ததும் இறங்கினால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அப்படியானால் ஆம்பியர் கணக்கில் இழுக்கும், மோட்டாரைத் தொட்டால் சூடும் தெரியும். அந்நிலையில் ஃபியூஸை எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியை மாற்றும்வரை சாவியால் பூட்டிக்கொள்ளுங்கள். இரண்டை எடுத்தும் எண் இறங்கவில்லை என்றால் கோளாறு இந்த இணைப்பில் இல்லை.

## அறிகுறி 9: ரிமோட் மிக அருகில் வந்தால்தான் வேலை செய்கிறது

ரிமோட்டைத் திறந்து பேட்டரியை மாற்றுங்கள். சிறு உருளை வடிவில் இருந்தால் பெரும்பாலும் 12 வோல்ட் 23ஏ, அல்லது அதைவிடச் சிறிய 27ஏ. வட்டமாக இருந்தால் பெரும்பாலும் சிஆர் 2032. மாற்றியும் பயன் இல்லையென்றால் அலாரம் பெட்டியிலிருந்து வரும் ஆன்டெனா வயரைத் தேடுங்கள். சுருட்டி இரும்புக்குப் பின்னால் செருகியிருப்பார்கள். அதை நீட்டி, தகட்டிலிருந்து விலக்கி ஒட்டுங்கள்.

## அறிகுறி 10: அலாரம் பொருத்திய பின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஓடும்போது அணைந்துவிடுகிறது

இங்கே நீங்களே செய்யத்தக்க சோதனை எதுவும் இல்லை. திருட்டைத் தடுக்க இக்னிஷனையோ பெட்ரோல் பம்பையோ துண்டிக்கும் ரிலே ஒன்று அலாரத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அதன் இணைப்பு தளர்ந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிடும். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட்டு, அந்த ரிலேயைக் கண்டுபிடித்துப் பழைய வயரை மீண்டும் நேராகச் சோல்டர் செய்து தரக்கூடிய எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். கதவுகளுக்குள் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சார் உள்ள வண்டிகளையும், பூட்டு, விளக்கு, டோர் சுவிட்ச் எல்லாம் கணினிப் பெட்டி வழியாகப் பேசிக்கொள்ளும் புதிய வண்டிகளையும் இவ்வாறே நிபுணரிடம் விட வேண்டும். அவற்றில் மேலே சொன்ன எர்த் தொடும் சோதனையைச் செய்தால் அப்பெட்டி கெடும்.

## அறிகுறி 11: உள்ளே இருந்து கையால் கதவைத் திறக்க முடியவில்லை

மற்ற எல்லாக் கோளாறுகளும் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பவர் கையால் பூட்டை விடுவிக்க முடிய வேண்டும் என்பது, இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய வண்டியில் தனியாகப் பொருத்திய கிட்டுக்கு அந்தச் சோதனையைச் செய்ய உங்களைத் தவிர யாரும் இல்லை.

காரணம் பெரும்பாலும் மோட்டாரைக் கோணலாகப் பொருத்தியதுதான். மோட்டாரின் கம்பியும் பூட்டுக் கம்பியும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், மோட்டார் தள்ளும்போது நகரும் பூட்டு கையால் இழுக்கும்போது இறுகிக்கொள்ளும். மோட்டாரைத் தாங்கும் துளையிட்ட தகட்டைத் தளர்த்தி, கம்பிகள் நேராகும்வரை நகர்த்தி இறுக்குங்கள்.

இறுக்கிய பின் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்து, ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து நான்கு கதவுகளையும் கையாலேயே பூட்டி, ஒவ்வொன்றாகக் கையாலேயே திறந்து பாருங்கள். பின்பக்கக் கதவுகளில் குழந்தைப் பூட்டு போடப்படாமல் இருக்கிறதா என்பதை அதற்கு முன் பாருங்கள். அது போட்டிருந்தால் குமிழ் தூக்கினாலும் உள்ளிருந்து கதவு திறக்காது. பிறகு வெளியே வந்து ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டித் திறந்து பாருங்கள். எந்தக் கதவிலாவது குமிழ் நடுவில் சிக்கினால், அது சரியாகும்வரை அக்கதவின் மோட்டாரைக் கிளாம்ப்பிலிருந்து கழற்றி வைத்துவிட்டே வண்டியை ஓட்டுங்கள்.